காலைக்கும் மாலைக்கும் ஒரே நோட்டு

வணக்கம் நேயர்களே. பென்னாகரம் வட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் பல வருடம் டீச்சராக இருந்தவள் நான். இன்று ஒரே ஒரு கழித்தல் கணக்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

52-இல் 27 போனால் எவ்வளவு? மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 35 என்று எழுதினாள். இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டை எடுத்துவிட்டாள். வகுப்பில் பலகையைப் பார்த்து எழுதுவாள், விடை சரியாகவே இருக்கும். தப்பைக் கண்டுபிடித்தது நான் இல்லை. சாயங்காலம் கோயில் திண்ணையில் பாடம் சொல்லித் தந்த தன்னார்வலர் பெண்.

2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் வந்தவர் அவர். கொரோனா காலத்தில் விட்டுப்போன படிப்பை மீட்கத்தான் அந்தத் திட்டம். அவரும் அதே தெருக்காரர். எந்தப் பிள்ளையின் அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்கள், எது பாட்டியிடம் வளர்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். பள்ளியில் நடக்கும் 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் பிள்ளைகளை அவரவர் கற்றிருக்கும் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்போம். அந்தப் பிள்ளை அதில் எந்த நிலை என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. அவர் என்ன நடத்துகிறார் என்று நானும் கேட்டதில்லை. அது என் தவறுதான்.

ஒருநாள் அந்தப் பிள்ளையே கேட்டாள்: "டீச்சர், அக்கா பக்கத்துல கடன் வாங்கச் சொல்றாங்க, நீங்க கட்டைப் பிரிக்கச் சொல்றீங்க. எது சரி?" நான் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் காட்டியிருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை.

அப்புறம்தான் 40 பக்க நோட்டு ஒன்றை அவள் பையில் போட்டோம். மாலையில் அவர் இரண்டு வரி, காலையில் நான் இரண்டு வரி. "குச்சிக் கட்டு இருந்தால் சரியாகச் செய்கிறாள், தாளில் தடுமாறுகிறாள்" என்று எழுதி அனுப்பினேன். அவர் அன்றைக்கே புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகச் சின்னக் கவர்களில் போட்டு வைத்தார். ஐந்து கவர், உதிரியாக இரண்டு. அதில் 27 எடுக்க வேண்டும், முதலில் உதிரியில் ஏழு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒரு கவரைக் கிழித்துக் கொட்டினாளாம். உதிரி பன்னிரண்டு ஆனது. ஏழு போக ஐந்து, நாலு கவரில் இரண்டு போக இரண்டு. "கடன்னா இதானாக்கா?" என்று கேட்டதை அப்படியே நோட்டில் எழுதியிருந்தார். இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

மாலை வகுப்பை வீட்டுப்பாடம் முடிக்கும் இடமாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். பிள்ளை பயமில்லாமல் தப்பு செய்கிற இடம் அது. அந்தத் தப்பு காலையில் டீச்சருக்குத் தெரிய வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்குக் கணக்கு வரவில்லையா, 'மீதி' என்ற சொல் புரியவில்லையா என்பதை அதே தெருக்காரர்தான் சட்டென்று சொல்வார்.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு, உங்கள் ஊரில் மாலையில் பாடம் சொல்லித் தருபவரையும் கூப்பிடுங்கள். பிள்ளைகளின் நோட்டுகளை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். வணக்கம்.