மாரியும் மூடிய யன்னலும்

(கிளிநொச்சியில் பெற்றோர், ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோரே, ஆசிரியர்களே, வணக்கம்.

மாரி தொடங்கிவிட்டது. இனி வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தடிமன் வந்தால், சில நாட்களில் பக்கத்து வாங்கிலும் தும்மல் கேட்கும். மழையில் நனைந்தாய் என்று பிள்ளையை ஏசுவோம். மழைநீரில் அந்த வைரசு இல்லை. மழைக்குப் பயந்து நாம் சாத்திய அறைக்குள்தான் அது சுற்றுகிறது.

இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகள் விரைவில் நிலத்தில் விழுந்துவிடும். எனக்குக் கவலை தருபவை நுண்துளிகள். பேசினாலும் பாடினாலும், சும்மா மூச்சுவிட்டாலும் அவை வெளிவரும். காற்றோட்டமில்லாத அறையில் சாம்பிராணிப் புகைபோல மூலைமுடுக்கெல்லாம் பரவி நெடுநேரம் மிதக்கும். சின்னமுத்து வைரசு, நோயாளி வெளியேறி இரண்டு மணிநேரம் வரைகூட அறைக் காற்றில் தங்கும். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணிநேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவரிடமிருந்து 52 பேருக்குக் கொரோனா தொற்றியதாகக் கணக்கிட்டார்கள். இருவர் இறந்தார்கள்.

மேசை, கதவுப்பிடி வழியாகவும் தொற்றலாம். ஆய்வுகூடத்தில் கொரோனா வைரசு பிளாஸ்டிக்கில் மூன்று நாள் வரை இருந்தது. ஆனால் அதன் அளவு மணிக்கு மணி வேகமாகக் குறைந்தது. தொட்ட கை மூக்கையோ கண்ணையோ வாயையோ தீண்டினால்தான் ஆபத்து. சவர்க்காரம் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவினால் போதும். சந்தையில் வாங்கிய கத்தரிக்காய்க்குச் சவர்க்காரம் தேவையில்லை.

வன்னியில் நம்மில் பலர் கிடுகுக் கொட்டிலில், அரைச்சுவருக்குள் படித்தவர்கள். அவற்றை இல்லாமையின் அடையாளமாகவே நினைக்கிறோம். காற்றைப் பொறுத்தவரை அவை அருமையான வகுப்பறைகள். நம் பிள்ளைகளுக்கு நல்ல கட்டடங்கள் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் தகரம் அடித்து, நாலு பக்கமும் மூடி, பிள்ளைகளை நெருக்கி இருத்தும் தனியார் வகுப்புகளைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து சாரலைக் கொண்டுவரும். அந்தப் பக்கத்தைச் சாத்துங்கள்; தெற்கு, மேற்கு யன்னல்கள் திறந்தே இருக்கட்டும். கூரைக்குக் கீழே சுவரில் இடைவெளி விடுங்கள். ஒரு பாடம் முடிந்ததும் பிள்ளைகளை விறாந்தைக்கு அனுப்பிக் கதவுகளையெல்லாம் திறவுங்கள். காய்ச்சலும் இருமலும் உள்ள பிள்ளையை, வரவு குறையும் என்று அனுப்பாதீர்கள். அதிபர்களே, அந்தப் பிள்ளை வராததைக் குற்றமாக எழுதாதீர்கள்.