சாயத் தொட்டியும் கிணறும்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் நேயர்களே. இலங்கையின் கிழக்குக் கரையோர ஊரான மருதமுனையில் என் மூத்தாப்பா தொடங்கி, வாப்பா வளர்த்து, இன்று நானும் தம்பியும் நடத்தும் நெசவுசாலையிலிருந்து வருகிறேன். சூழலைக் கெடுக்காத உடுப்பைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். கைத்தறிக்காரருக்கு இது லேசான தலைப்பு என்று தோன்றலாம். தறி கால் மிதியில் ஓடுகிறது, மின்சாரம் தேவையில்லை. பருத்தி நூல் கடைசியில் மண்ணோடு மக்கிவிடும். நல்ல சாரன் ஒன்றை, அதாவது கைலியை, வருஷக்கணக்கில் உடுக்கலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் பேச வந்தது தறியைப் பற்றியல்ல, சாயத் தொட்டியைப் பற்றி.

வெள்ளை நூலை முதலில் சோடா போட்டு அவித்து, அதிலுள்ள எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் சாயம். தண்ணீரில் கரைந்த சாயம் நூலை நாடிப் போவதற்கு உப்பு, கிலோக்கணக்கில் உப்பு. ஏறிய சாயம் நூலோடு பிடிப்பதற்கு மறுபடியும் சோடா. பிடிக்காத சாயம் அலசலில் கழியும். முதல் அலசல் தண்ணீர் கருநீலமாகப் போகும், அடுத்தது வெளிறும், அதற்கடுத்தது இன்னும் வெளிறும். எங்கள் சாயப் பட்டறையில் மூத்த ராத்தா ஒருவர் இருக்கிறார். கழி கழியாகச் சுற்றிய ஈர நூலை வெள்ளைச் சீலைத் துண்டில் அழுத்திப் பார்ப்பார். துண்டில் கறை விழுந்தால் இன்னொரு அலசல், அதில் மறுபேச்சே கிடையாது. மருதமுனைச் சாரன் சாயம் போகாது என்ற பேரைக் காப்பாற்றுவது அந்தக் கைதான்.

அந்தப் பேருக்காக ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது?

நமது கரையோரம் மணல் தரை. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உவர் நீருக்கு மேலே மெல்லிய படலமாகத் தங்கி நிற்கிறது. நம் வீட்டுக் கிணறுகளெல்லாம் அந்தப் படலத்தில்தான் நிற்கின்றன. மேலே எதை ஊற்றினாலும் வடிகட்ட அங்கே களிமண் இல்லை. கிணற்றில் உப்பு ஏறினால் என்ன பாடு என்பதை 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரம் முழுவதும் அனுபவித்தோம். கடல் செய்ததை நாம் தொட்டி தொட்டியாகச் செய்யக் கூடாது.

தொட்டி கட்டி, சுண்ணாம்பும் படிகாரமும் போட்டால் நிறம் பெரும்பாலும் அடியில் படிந்துவிடும். தண்ணீர் தெளிந்ததும் மனமும் தெளிந்துவிடுகிறது. ஆனால் உப்பு படியாது, கண்ணுக்கும் தெரியாது. அதை எடுக்கச் சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கும் ஏற்பாடும் வேண்டும். திருப்பூரைப் பாருங்கள். நொய்யல் ஆறு சாயக் கழிவால் பாழாகி, விவசாயிகள் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அங்கே ஆறு கெட்டது ஊருக்கே தெரிந்தது. இங்கே கெடுவது நிலத்துக்கு அடியில்.

ஒரு குடும்பம் செய்யக்கூடியவை உண்டு, நாங்கள் செய்கிறோம். வெளிர் நிறத்தில் தொடங்கி கடும் நிறத்துக்குப் போவோம், அதனால் தொட்டி கழுவும் தண்ணீர் மிச்சம். கடைசி அலசல் தண்ணீரை அடுத்த தொகுதியின் முதல் அலசலுக்கு எடுப்போம். அமீன் என்னும் தீங்கான இரசாயனங்களை வெளிவிடும் அசோ வகைச் செயற்கைச் சாயங்களை ஐரோப்பிய ஒன்றியம் 2002 இல் தடை செய்தது. அந்த வகைச் சாயம் எங்கள் பட்டறைக்குள் வருவதில்லை. உள்ளூரில் விற்கும் சாரனுக்கு அதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உடுப்பவர் உடம்பு எங்கிருந்தாலும் உடம்புதானே.

உப்பைப் பிரித்தெடுப்பது மட்டும் தனிக் குடும்பத்தால் முடியாத காரியம். இதே மாகாணத்தில், மட்டக்களப்பில் இருக்கும் பிராண்டிக்ஸ் ஆடைத் தொழிற்சாலை, நிகர கார்பன் வெளியேற்றம் இல்லாத உலகின் முதல் ஆடைத் தொழிற்சாலை என்று 2019 இல் சான்று பெற்றது. பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் அவர்களிடம் மூலதனமும் பொறியியலாளரும் உண்டு. நம்மிடம் இருப்பது ஒரு தொட்டி, ஒரு விறகடுப்பு. ஆகவே நான் கேட்பது பொதுச் சாய நிலையம். ஊர் நெசவாளர் எல்லோரும் நூலைக் கொண்டுவந்து சாயம் ஏற்றிப் போக ஓரிடம், அதற்கு ஒரே சுத்திகரிப்பு. இடத்தை மாநகர சபை தரட்டும், இயந்திரத்துக்கு மாகாண சபை வழி பார்க்கட்டும், ஓட்டும் செலவைக் கழிக்கு இவ்வளவு என்று நாங்கள் கட்டுகிறோம்.

அந்தச் செலவு சாரனின் விலையில் ஏறும், மறைக்க மாட்டேன். இறக்குமதிச் சாரன் பக்கத்தில் மலிவாகத் தொங்கும்போது வியாபாரி எங்களிடம்தான் விலையை இறுக்குவார். நாங்கள் இறுக்க வேறு யாரும் இல்லை, நெய்கிறவர் கூலிதான் இருக்கிறது. அதில் கை வைக்க எனக்கு மனமில்லை. வருகிற பெருநாளுக்கோ சித்திரைக்கோ கைத்தறி எடுக்கப் போகிறவர்கள், விலையைக் கேட்கிற அதே வாயால், இதன் சாயத் தண்ணீர் எங்கே விடப்பட்டது என்று கடையில் கேளுங்கள். கடைக்காரர் அதைக் கொண்டுவந்து எங்களிடம் கேட்பார். பதில் சொல்ல நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.