கல்லுக்கும் ஒரு சீட்டு வேண்டும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நிலவியல் பேராசிரியர் அவர்களே, வரவேற்புரையிலேயே பாதி விஷயத்தைச் சொல்லி என் சுமையைக் குறைத்த செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியப் பெருமக்களே, அருங்காட்சியகக் காப்பாட்சியர் அவர்களே (இவரைக் கடைசியாக விளித்தாலும் என் கணக்கில் இவர்தான் முதல், காரணம் பின்னால் வரும்), சட்டைப்பையில் கற்களோடு வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். இந்தத் தலைப்பில் பேராசிரியர் அவர்கள்தான் பேசியிருக்க வேண்டும். எனக்கு விட்டுக்கொடுத்த அவருடைய பெருந்தன்மைக்கு நன்றி.

மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, கனிமங்களை அடையாளம் காண்பது. இரண்டு, பாறைகளை அடையாளம் காண்பது. மூன்று, இந்த இரண்டுக்கும் புதைபடிவங்களுக்கும், அதாவது பாறையில் பதிந்து நிற்கும் பழங்கால உயிர்களின் எச்சங்களுக்கும் உள்ள உறவு. இவற்றைச் சுருக்கமாகப் படிவம் என்பேன். மூன்றுக்கும் பொதுவாக ஒரு பழமொழி இருக்கிறது: ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.’ சிலர் சிரிக்கிறீர்கள். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கல் விஷயத்தில் முதலில் பொய் சொல்வது நிறம். குவார்ட்ஸ் என்ற ஒரே கனிமம் வெள்ளையாக இருக்கும், இளஞ்சிவப்பாக இருக்கும், ஊதாவாக இருக்கும், புகை படிந்த கண்ணாடி மாதிரியும் இருக்கும். இதோ, என் இரண்டு கைகளிலும் ஆளுக்கொரு வெள்ளைக் கல். பார்வைக்கு அண்ணன் தம்பி. இடக்கைக் கல்லில் கத்தி முனையால் கோடு இழுக்கிறேன். கோடு விழுகிறது, வெள்ளைப் பொடி உதிர்கிறது. வலக்கைக் கல்லிலும் இழுக்கிறேன். இங்கேயும் ஒரு சாம்பல் நிறக் கோடு தெரிகிறது. சரி, இதுவும் கீறிவிட்டது என்று எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள். கட்டைவிரலால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள், கோடு போய்விடும். கல் கீறப்படவில்லை, கத்தியின் இரும்புதான் தேய்ந்து கல்லில் ஒட்டியிருந்தது. முதல் கல் கால்சைட், இரண்டாவது குவார்ட்ஸ். ஜெர்மானியரான பிரீட்ரிக் மோஸ் 1812-ல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் கால்சைட்டுக்கு 3, குவார்ட்ஸுக்கு 7. எண் கூடினால் கடினம் கூடும். நம் நகம் இரண்டரைக்குப் பக்கம், கத்தி ஐந்தரைக்குப் பக்கம். ஆக நகமும் கத்தியும் இருந்தால் பாதி விசாரணை முடிந்தது. சந்தேகம் தீரவில்லையா? நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். கால்சைட் நுரைத்துப் பொங்கும், குவார்ட்ஸ் சும்மா கிடக்கும். உடைந்த முகத்தையும் பாருங்கள். கால்சைட் சாய்சதுரமாக, வழவழப்பான தளங்களாகப் பிளக்கும். குவார்ட்ஸ் சிப்பியின் உட்புறம்போல வளைந்து உடையும்.

இந்த வித்தியாசம் எதற்கு என்று கேட்பீர்கள். கடல் உயிர்களின் ஓடுகளில் பெரும்பாலானவை சுண்ணாம்பு, கால்சைட்டும் சுண்ணாம்பு வகைதான். சில இடங்களில் நிலத்தடி நீர் அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டு, தான் சுமந்து வந்த சிலிக்காவை, அதாவது குவார்ட்ஸ் எதனால் ஆனதோ அந்தப் பொருளை, அதே இடத்தில் நிரப்பிவிடும். திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடப்பதும் சிலிக்காவின் வேலைதான். அமெரிக்காவின் டெக்சாஸில் கிளாஸ் மலைகளில் இப்படிச் சிலிக்காவாக மாறிய ஓடுகளைக் கொண்ட சுண்ணாம்புக் கற்கள் உண்டு. கல்லை அப்படியே அமிலத் தொட்டியில் இறக்கினால் சுண்ணாம்பு கரைந்துபோய், மெல்லிய முட்கள்கூட முறியாமல் ஓடுகள் தனியாக வந்து நிற்கும். இதைக் கேள்விப்பட்ட ஒருவர், எல்லாப் படிவத்துக்கும் அதே வைத்தியம் என்று கால்சைட் ஓட்டைத் தொட்டியில் போட்டால்? கல்லும் போச்சு, ஓடும் போச்சு. அமிலப் புட்டியைத் திறக்கும் முன் தீர விசாரியுங்கள்.

இன்னொரு பொய்யன் பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். தங்கம்போலவே மின்னுவான். மெருகு பூசாத பீங்கான் ஓட்டில், தரை டைல்ஸின் பின்பக்கம் போதும், உரசிப் பாருங்கள். தங்கம் மஞ்சள் கோடு போடும், பைரைட் பச்சை கலந்த கறுப்புக் கோடு போடும். ஆக்சிஜன் இல்லாத கடலடிச் சேற்றில் புதைந்த அம்மோனைட்டுகள் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிர்கள்) சில சமயம் பைரைட்டாகவே மாறி, பித்தளை வார்ப்புப்போலக் கிடைக்கும். பார்க்க அத்தனை அழகு. ஆனால் ஈரக்காற்று பட்டால் பைரைட் சிதையும், கந்தக அமிலம் உண்டாகும். அம்மோனைட் பொடியாகும், வைத்த பெட்டி அரிக்கும், அதன் கீழிருக்கும், எங்கே கிடைத்தது என்று எழுதிய காகிதச் சீட்டும் கருகிப்போகும். காப்பாட்சியர் அவர்கள் தலையசைக்கிறார்கள், அவர்களுக்கு இந்த வேதனை தெரியும். படிவம் போனாலும் எனக்கு மனது ஆறிவிடும். சீட்டு போனால் ஆறாது. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்குமுன் ஒரு கதை. ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரம், 1725. பெரிங்கர் என்றொரு மருத்துவப் பேராசிரியர். படித்தவர், செல்வாக்கானவர், தன் அறிவைப் பற்றித் தனக்கே கொஞ்சம் பெருமை உள்ளவர். (இந்த மேடையில் யாரையும் குறிப்பிடவில்லை.) அவருக்குப் படிவங்கள் மீது அப்படி ஒரு ஆசை. பக்கத்து மலையிலிருந்து இளைஞர்கள் கற்களைக் கொண்டுவந்தார்கள். என்ன கற்கள்! பல்லி இருக்கிறது, தவளை இருக்கிறது. சரி, இருக்கட்டும். வலையோடு சிலந்தி இருக்கிறது. பூவில் தேனீ இருக்கிறது. அப்புறம் சூரியன் வந்தது, வால் நட்சத்திரம் வந்தது. கடைசியில் எபிரேய எழுத்தில் கடவுளின் பெயரே வந்துவிட்டது! நட்சத்திரம் எந்தச் சேற்றில் புதைந்தது என்று மனிதர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கல்லில் கத்தி பட்ட தடம் தெரிகிறது. அதை அவரே கவனித்தார், கவனித்ததை எழுதியும் வைத்தார். தேர்ந்த சிற்பி செதுக்கியதோ என்று தோன்றும் அளவுக்கு நேர்த்தி என்று வியந்தார்! 1726-ல் படங்களோடு புத்தகமே வந்துவிட்டது. செதுக்க ஏற்பாடு செய்தவர்கள் வெளியாள் இல்லை, கூட இருந்த கணிதப் பேராசிரியரும் நூலகரும். விஷயம் கைமீறிப் போகிறதே என்று அவை போலி என்று அவர்களே சொல்லிப் பார்த்தார்கள். என் புகழைக் கெடுக்கச் சதி என்றார் பெரிங்கர். பிறகு உண்மை தெரிந்ததும் வழக்கு, விசாரணை என்று ஊரே வேடிக்கை பார்த்தது. தன் பெயரே செதுக்கப்பட்ட கல்லைப் பார்த்துத்தான் அவர் விழித்துக்கொண்டார் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, பின்னால் ஒட்டவைத்தது. காதால் கேட்பதும் பொய் என்பதற்கு அதுவும் சாட்சி.

செதுக்க ஆள் வேண்டும் என்றுகூட இல்லை, இயற்கையே ஏமாற்றும். கல்லின் அடுக்குகளுக்கு நடுவே பெரணி இலைபோலக் கறுப்பாகப் படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது மாங்கனீஸ் ஆக்சைடு, நீர் கசிந்த விரிசலில் வளர்ந்தது. அதில் நடு நரம்பும் இலைக் காம்பும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருக்காது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாறைகளை வேகமாக முடித்துவிடுகிறேன். கிரானைட் உருகிய குழம்பு ஆறி உறைந்தது, அதில் படிவம் தேட வேண்டாம். சுண்ணாம்புக்கல், களிப்பாறை, மணற்கல் ஆகிய படிவுப் பாறைகளில் தேடுங்கள். சுண்ணாம்புக்கல் வெந்து பளிங்கானால் உள்ளிருந்த ஓடுகள் பெரும்பாலும் படிகங்களாகி மறைந்துவிடும். மற்றவை இன்னொரு மேடையில்.

இப்போது சீட்டு. இங்கிலாந்தில் வில்லியம் சுமித் என்ற நில அளவையாளர் கால்வாய் வெட்டும் வேலையில் இருந்தபோது, எந்தப் பாறை அடுக்கில் எந்தப் படிவம் வருகிறது என்பதைக் குறித்துக்கொண்டே வந்தார். 1815-ல் அவர் வெளியிட்ட நிலவியல் வரைபடம் அந்தக் குறிப்புகளிலிருந்து பிறந்தது. அம்மோனைட் எல்லோரிடமும் இருந்தது, எந்த அடுக்கு என்பது அவரிடம் இருந்தது. கல்லூரிகளில், பள்ளிகளில் கண்ணாடி அலமாரியைத் திறந்து பாருங்கள். அழகழகான கற்கள் இருக்கும், எங்கே கிடைத்தன என்று ஒரு எழுத்து இருக்காது. கனிமம் எது என்று நூறு ஆண்டு கழித்தும் உரசிக் கண்டுபிடித்துவிடலாம். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதை, எடுத்தவர் எழுதாவிட்டால், யாரிடம் போய் விசாரிப்பது?

ஆகவே தலைவர் அனுமதியோடு ஒரு தீர்மானம் முன்மொழிகிறேன். சீட்டில் நான்கு விவரம்: இடம், அடுக்கு, தேதி, எடுத்தவர் பெயர். அதே விவரம் ஒரு நோட்டிலும் இருக்க வேண்டும். கல்லின் ஓரத்தில் சிறிது வெள்ளைப் பூச்சு தடவி, அதன்மேல் மையால் நோட்டின் எண்ணை எழுதுங்கள். பாதுகாக்கப்பட்ட இடத்தில் கல்லைத் தொடவே வேண்டாம், படம் எடுத்து இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள். மாணவர்களே, பையிலுள்ள கற்களை வாசல் மேசையில் வையுங்கள். வெற்றுச் சீட்டுகளும் பேனாவும் அங்கே இருக்கின்றன. எடுத்த இடம் நினைவிருக்கும்போதே இன்றைக்கே எழுதிவிடுங்கள். நன்றி, வணக்கம்.