பாரத்தைச் சொல்லும் பாவை

(பழைய வண்ணாரப்பேட்டையில் நடந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். உட்கார்ந்ததும் உங்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். நான்கு எண்கள்: ஐந்து, இரண்டு, ஒன்பது, நான்கு. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டி, அதே வரிசையில், தாளம் தவறாமல் மனத்துக்குள் சொல்லுங்கள். ஒன்பது பத்தாகும்போது பூஜ்யம் என்று சொன்னால் போதும். ஆயிற்றா? இப்போது ஒன்றுக்குப் பதில் மூன்றைக் கூட்டுங்கள். பின்வரிசையில் சிலர் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்!

இந்தச் சில நொடிகளில் உங்கள் கண்பாவை விரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. நம்முடைய கருவிழியில் நடுவிலிருக்கும் பாவை எங்கே முடிகிறது என்றே எளிதில் கண்டுபிடிக்க முடியாது. அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால் பாவையைச் சுற்றியிருக்கும் கருவிழி வட்டம் வெளிறித் தெரியும், பாவை கறுப்பாகத் தனித்து நிற்கும்.

இதை முறையாக அளந்தவர்களில் முன்னோடி சிகாகோ பல்கலைக்கழகத்தின் எக்கார்ட் ஹெஸ். 1964-ல் ஜேம்ஸ் போல்ட்டுடன் சேர்ந்து, ஆட்களை மனக்கணக்குப் போட வைத்துப் படம் எடுத்தார். ஏழெட்டு எவ்வளவு என்றபோது பாவை கொஞ்சம் விரிந்தது. பதினாறை இருபத்து மூன்றால் பெருக்கச் சொன்னபோது நன்றாக விரிந்தது. விடை வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பியது. 1966-ல் டேனியல் கானமனும் ஜாக்சன் பீட்டியும் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பாவை ஒரு படி விரிந்தது. திருப்பிச் சொல்லச் சொல்லச் சுருங்கியது. பின்னாளில், 2002-ல், பொருளாதார நோபல் பரிசு பெற்றாரே, அதே கானமன்தான். பாவை விரிவது சட்டென்று நின்றால் அந்த ஆள் முயற்சியைக் கைவிட்டுவிட்டார் என்று பொருள். "ஏன் இப்போது விட்டுவிட்டீர்கள்?" என்று வெளியே தாழ்வாரத்திலிருந்து கேட்டால், "உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று வியப்பார்களாம். நம் வீட்டுப் பெற்றோரிடம் இந்தக் கருவியைக் கொடுத்துவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு அது பெரிய கொடுமையாகிவிடும்.

பாவையைச் சுருக்க ஒரு தசை, விரிக்க ஒரு தசை. வெளிச்சத்தில் சுமார் இரண்டு மில்லிமீட்டர், இருட்டில் எட்டு வரை போகும். சிந்தனையால் வரும் மாற்றம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள்தான். மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சிறு நரம்புத்திரள் இருக்கிறது. விழிப்பையும் கவனத்தையும் தூண்டும் நார்அட்ரினலின் அங்கிருந்துதான் மூளையெங்கும் போகிறது. அதன் சுறுசுறுப்பு கூடினால் பாவையும் விரிகிறது.

ஆனால் அச்சமும் ஆசையும் வலியும் திடீர்ச் சத்தமும்கூட அதே பாவையைத்தான் விரிக்கின்றன. பேசின் பாலத்தில் ஏறும் லாரியின் உறுமலைக் கேட்டு, பாரம் அதிகம் என்று சொல்லிவிடலாம். உள்ளே இருப்பது அரிசியா இரும்பா என்று சொல்ல முடியாது. எனவே, பாவையைப் பார்த்துப் பொய்யைப் பிடிப்பேன் என்பவரை நான் நம்புவதில்லை. பாவை பெரிதாக இருப்பவருக்கு அறிவு கூர்மை என்றும் ஓர் ஆய்வு சொன்னது. வேறு குழுக்கள் சோதித்தபோது அது உறுதிப்படவில்லை. அதை வைத்துப் பெண் பார்க்கவோ மாப்பிள்ளை பார்க்கவோ கிளம்பிவிடாதீர்கள்.

நமக்கு நெருக்கமான விஷயம் தூக்கம். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் போக வரிசையில் காத்துக்கிடக்கும் கன்டெய்னர் ஓட்டுநர்களை நாம் தினமும் பார்க்கிறோம். நன்கு விழித்திருப்பவரின் பாவை இருட்டில் அகன்று, அசையாமல் நிற்கும். தூக்கம் சொக்கும்போது சுருங்கி விரிந்து அலைபாயும். போகப் போகச் சிறுத்துவிடும். "எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று அவர் சத்தியம் செய்யலாம், பாவை ஒத்துக்கொள்ளாது. ஜெர்மனியில் இதை வைத்துப் பதினோரு நிமிடச் சோதனையே உருவாக்கியிருக்கிறார்கள்.

மருத்துவர் டார்ச் அடித்துப் பார்ப்பது இன்னும் பழைய முறை. ஒரு கண்ணில் ஒளி பட்டால் இரண்டு பாவைகளும் சேர்ந்து சுருங்க வேண்டும். தலையில் அடிபட்டு, உள்ளே இரத்தம் கட்டி மூளை அழுத்தப்பட்டால், ஒரு பக்கப் பாவை விரிந்து ஒளிக்கு அசையாமல் நின்றுவிடும். பூச்சிமருந்து குடித்தவரின் பாவை ஊசிமுனையாகச் சுருங்கலாம். ஊமத்தை தின்றவருக்கு அகன்று விரியும். வயதானாலும், நெடுநாள் சர்க்கரை நோயிருந்தாலும் பாவை சிறுத்துப்போகும். ஆகவே ஒற்றைப் பார்வையில் முடிவு கட்ட முடியாது. எழும்பூர் கண் மருத்துவமனைக்குப் போய்ச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வந்தவர்களுக்குச் சில மணி நேரம் பாவை விரிந்தே இருக்கும். அன்றைக்கு அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பைக்கிலிருந்து விழுந்த பிள்ளைக்கு வாந்தி, மயக்கம், கடுமையான தலைவலி இருந்தால், பாவை சரியாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பாவை மாறுவது பெரும்பாலும் தாமதமாக வரும் அறிகுறி. ஸ்டான்லி மருத்துவமனை நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

சிலருக்கு எந்த நோயும் இல்லாமலே ஒரு பாவை மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அப்படி. திடீரென்று கவனித்துப் பதறினால் பழைய புகைப்படம் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்பும் அப்படித்தான் இருந்தது என்றால் அவருக்குப் பாதி வேலை குறையும். ஆனால் புதிதாக வந்த வித்தியாசத்தோடு இமையும் தொங்கினாலோ, பொருள்கள் இரண்டாகத் தெரிந்தாலோ, புகைப்படம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அப்படியே ஆட்டோ பிடியுங்கள்.