டன்டோவ் கேம் என் எஞ்சினுக்குச் சேருமா? பெட்டியைக் கேட்காதீர்கள்

இந்த வாரக் கேள்விகளில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. டொரோண்டோவில் இருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "ஐயா, என்னிடம் 1956 ஷெவர்லே பெல் ஏர் இருக்கிறது. எஞ்சினும் அந்தக் காலத்து 265 க்யூபிக் இன்ச் வி8 தான். பழைய உதிரிபாகச் சந்தையில் ஒரு டன்டோவ் கேம் ஷாஃப்ட் வாங்கினேன். பெட்டியில் 'ஸ்மால் பிளாக் ஷெவர்லே' என்று போட்டிருக்கிறது. சேருமா?" கேம் ஷாஃப்ட் என்றால் எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் சுழல் தண்டு, சுருக்கமாகக் கேம். ஸ்மால் பிளாக் என்பது ஷெவர்லேயின் சிறிய வி8 எஞ்சின் குடும்பம். கூடவே ஒரு படமும் அனுப்பியிருக்கிறார். எதன் படம்? பெட்டியின் படம்!

பழைய நேயர்கள் இப்போதே சிரித்திருப்பார்கள். பெட்டி வெறும் அட்டை, உள்ளே இருக்கும் இரும்பைக் கேள் என்று எத்தனை வீடியோவில் சொல்லியிருப்பேன்! பரவாயில்லை, தம்பி புதியவர். இன்னொரு முறை சொல்கிறேன்.

துபாயில் ஒரு பட்டறையில் வேலை பார்த்த காலம். இதே மாதிரி 'ஸ்மால் பிளாக்' பெட்டி ஒன்று வந்தது. அளந்து பார்க்காமல் எஞ்சினுக்குள் விடப் போனேன். முதல் பேரிங்கிலேயே போகவில்லை. பேரிங்தான் டைட்டாக இருக்கிறது என்று நினைத்து, கூட இருந்த பையனிடம் அதைக் கொஞ்சம் சுரண்டச் சொல்லிவிட்டேன்! எங்கள் ஃபோர்மேன் ஒரு வார்த்தை பேசவில்லை. மைக்ரோமீட்டரைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஸ்மால் பிளாக் கேமில் ஐந்து ஜர்னலும், அதாவது பேரிங்குக்குள் உட்கார்ந்து சுற்றும் உருண்டைப் பகுதிகளும், ஒரே அளவு, 1.868 அங்குலத்தை ஒட்டி இருக்கும். என் கையில் இருந்தது 1.948. பிக் பிளாக், அதாவது பெரிய வி8 குடும்பத்தின் கேம்! இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம், அது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆக, தம்பி முதலில் ஜர்னலை அளக்க வேண்டும். அளவு சரியாக இருந்தாலும் அவசரப்படக் கூடாது. உங்கள் விஷயத்தில் வில்லங்கம் அதற்கப்புறம்தான் இருக்கிறது. நான் தூங்காததும் அதனால்தான்.

1955, 56 வருடத்து 265 எஞ்சினில் டேப்பட்டுகளுக்கு (கேமின் மேடு தள்ளும்போது எழும்பி வால்வைத் திறக்க வைக்கும் துண்டுகள்) போகிற ஆயில், கேமின் கடைசி ஜர்னல் வழியாகத்தான் போயாக வேண்டும். அதற்காக அந்த ஜர்னலில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். 1957 முதல் எஞ்சினின் உடலான பிளாக்கையே மாற்றிவிட்டார்கள். பேரிங்குக்குப் பின்னால் பிளாக்கிலேயே ஆயில் சுற்றிப் போக வழி வைத்ததால், கேமில் பள்ளம் தேவையில்லாமல் போயிற்று. இப்போது பள்ளம் இல்லாத கேமை உங்கள் 56 எஞ்சினில் போட்டால் என்ன ஆகும்? அளவு சரி, சிக்கென்று உள்ளே போகும், எஞ்சினும் ஸ்டார்ட் ஆகும். ஆனால் வாய்க்காலில் மடையை அடைத்த மாதிரி, டேப்பட்டுக்கும் அதற்கு மேலே வால்வை அழுத்தும் நெம்புகோலான ராக்கருக்கும் ஒரு சொட்டு ஆயில் ஏறாது. ராக்கர் காய்ந்து கத்த ஆரம்பிக்கும்போதுதான் உங்களுக்கே தெரியும்.

டிஸ்ட்ரிபியூட்டர் பல் சக்கரம் இருக்கிற முனைதான் பின்பக்கம். அங்கே கடைசி ஜர்னலில் விரல் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். பள்ளம் இருந்தால் நகம் இறங்கும். இல்லையென்றாலும் கேமைத் தூக்கிப் போட வேண்டாம், நல்ல லேத் ஆள் வெட்டித் தருவார். பின் பேரிங்கின் துளைகளும் அந்தக் காலத்து பிளாக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கேம் என்பதால் இன்னொன்று. இரட்டை எஞ்சின் படகுகளில் ஒரு எஞ்சின் தலைகீழாகச் சுற்றும், அதற்கென்று தனி கேம் உண்டு. சிலிண்டர்கள் எரிகிற 1-8-4-3-6-5-7-2 வரிசையில் லோப்கள், அதாவது டேப்பட்டைத் தள்ளும் மேடுகள், வருகின்றனவா என்று சுற்றிப் பாருங்கள்.

டன்டோவ் என்று ஏன் பெயர் என்றும் ஒருவர் கேட்டிருந்தார். ஸோரா ஆர்கஸ்-டன்டோவ், கார்வெட்டை ஓட்டப்பந்தயக் காராக்கிய எஞ்சினியர். 1956 பிறக்கிற சமயத்தில் டேட்டோனா கடற்கரை மணலில் தானே காரை ஓட்டி, மணிக்கு 150 மைல் வேகத்தைத் தொட்டுக் காட்டியவர். அந்தக் கேமின் பாக எண் 3736097. கடைசி மூன்று இலக்கத்தை வைத்து '097' என்பார்கள். 1957இல் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனோடு 283 க்யூபிக் இன்ச்சுக்கு 283 குதிரைசக்தி வந்தது இந்தக் கேமில்தான். சாலிட், அதாவது கெட்டியான டேப்பட்டுக்கு வெட்டியது இது. ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் டேப்பட்டை இதன் மேல் உட்கார வைக்காதீர்கள்.

டேப்பட் என்றதும் ஞாபகம் வருகிறது. தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியே இதுதான்: "கேமோடு அதன் டேப்பட்டுகளும் வந்தனவா, எது எந்த லோபுக்கு என்று குறித்து வைத்திருக்கிறார்களா?" இதை ஒருவர்கூடக் கேட்பதில்லை! டேப்பட்டின் கீழ்முகம் தட்டை மாதிரி தெரியும், ஆனால் தட்டை இல்லை. மிக மிக லேசாக உப்பியிருக்கும். லோபும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சாய்ந்திருக்கும். அதனால்தான் ஓடும்போது டேப்பட் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும், தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. ஓடிப் பழகிய பதினாறும் தத்தம் லோபோடு ஜோடி சேர்ந்துவிட்டவை. மாற்றிப் போட்டால் லோபைத் தின்றுவிடும். ஜோடி தெரியவில்லையா, லோப்கள் நன்றாக இருக்கின்றன என்று உறுதி செய்துகொண்டு புது டேப்பட் போடுங்கள். புது டேப்பட் இரண்டை எடுத்துக் கீழ்முகத்தோடு கீழ்முகம் ஒட்டிப் பிடித்தால் லேசாக ஆடும். தேய்ந்தது ஆடாது. இதை என் பேரனுக்குக்கூடக் காட்டினேன், அவனுக்கு ஒரே குஷி.

சரி தம்பி, அடுத்த முறை பெட்டியைப் படம் எடுக்காதீர்கள். கடைசி ஜர்னலைத் துடைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.