மூணு சுவர் டிவி கதையை பாம்பன் கடற்கரையில நாடகமா போடுறது எப்படி?

வணக்கம் மக்களே! ரே பிராட்பரி 1953-ல எழுதுன ஃபாரன்ஹீட் 451 நாவலை நம்ம மண்டபம், பாம்பன் பக்கம் திறந்தவெளியில மல்டிமீடியா நாடகமா போட்டா எப்படி இருக்கும்னு பாப்போம். புத்தகத்தை எரிக்குற கதைன்னுதான் எல்லாரும் சொல்வாங்க, ஆனா எனக்கு அதுல உயிர்நாடியே ஹீரோவோட பொண்டாட்டி மில்ட்ரெட்தான். ஹால்ல மூணு சுவரும் டிவி, அதுல வர்றவங்களைத்தான் குடும்பம்னு சொல்லுவா, நாலாவது சுவரும் வேணும்னு கேப்பா, அதுக்கு 2,000 டாலர், புருஷனோட வருஷ சம்பளத்துல மூணுல ஒரு பங்கு!

[காட்சி: மேடையில மூணு பக்கமும் வெள்ளைத் துணி, நடுவுல ஒரு பாய்]

டிஸ்டோபியான்னாலே, அதாவது நாசமாப் போன எதிர்காலத்தைக் காட்டுற கதைன்னாலே இருட்டு, சிவப்பு லைட்டு, ரோபோ குரல்னு போயிடுறாங்க, தயவுசெஞ்சு அது வேணாம். மில்ட்ரெட் ஆசைப்பட்டுத்தான பாக்குறா, அப்ப பாக்குற நமக்கும் ஆசை வரணும்ல? கல்யாண வீடியோ மாதிரி பளிச்சுனு சிரிச்ச முகமா வைங்க. நாவல்ல டிவிக்காரன் அவ பேரைச் சொல்லியே பேசுவான், அதனால உள்ள வர்றவங்க பேரை வாசல்லயே எழுதி வாங்கிட்டு, பாதி நாடகத்துல ஸ்கிரீன்ல இருக்குற அக்கா "வாங்க முருகேசண்ணே, சாப்டீங்களா"ன்னு கூப்பிடட்டும், அந்த அண்ணன் முகத்துல வர்ற சந்தோஷம்தான் இந்த நாடகமே. மில்ட்ரெட் தூக்க மாத்திரை போட்டுக் கிடக்குற சீன்லயும் மூணு ஸ்கிரீனும் சிரிச்சுக்கிட்டே இருக்கணும், நிறுத்தவே கூடாது.

[காட்சி: துணியோட கீழ் ஓரம், க்ளோசப்]

புரொஜெக்டரை துணிக்குப் பின்னாடி வைங்க, அப்பதான் நடிக்குறவங்க நிழல் விழாது. த்ரோ ரேஷியோ, அதாவது படத்தோட அகலத்துக்கு எத்தனை மடங்கு தள்ளி புரொஜெக்டரை வைக்கணும்ங்குற கணக்கு, 1.5-ன்னா 10 அடி அகல படத்துக்கு 15 அடி தள்ளி வைக்கணும். கச்சான் காத்துல துணி படகுப் பாய் மாதிரி உப்பிரும், படம் நெளியும், அதுக்கு வலையில கட்டுற ஈயக்குண்டை கீழ் மடிப்புல கோத்து தச்சிருங்க. உப்புக்காத்துல லென்ஸ் மங்கிடும், ஷோவுக்கு முன்னாடி துடைக்க மறக்காதீங்க.

கடைசியில நகரம் அழியுதுல்ல, அங்க ஸ்கிரீன், லைட்டு, மைக் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க. புத்தகங்களை மனப்பாடம் பண்ணி காப்பாத்துறவங்க வர்ற இடம் அது. ஒருத்தர் ராமேஸ்வரத்து தேவாரப் பதிகம் பாடட்டும், இன்னொருத்தர் உமறுப்புலவரோட சீறாப்புராணம், கீழக்கரை சீதக்காதி ஆதரிச்ச புலவர்தான அவரு. அலைச்சத்தத்துல குரல் போயிடும், அதனால கூட்டத்தை கிட்டத்துலயே உக்கார வைங்க.

தனுஷ்கோடி இடிஞ்ச சர்ச்ல போடலாமான்னு கேப்பீங்க, சாயங்காலத்துக்கு மேல அங்க விடமாட்டாங்க. அப்புறம் பிராட்பரி 2012-லதான் இறந்தாரு, கதைக்கு ரைட்ஸ் இன்னும் இருக்கு, ஒத்திகைக்கு முன்னாடியே அனுமதி வாங்கிருங்க.