52-இல் 27 போனால் 35: பள்ளிக்கூடம் இனி எதற்கு?

[திரையில்: கட்டம் போட்ட நோட்டு. பென்சில் எழுதுகிறது: 52 − 27 = 35]

வணக்கம். இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். விடை 25 வர வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை 35 என்று போட்டிருக்கிறது. எப்படி வந்தது? 2-இல் 7 போகாது, பக்கத்தில் கடன் வாங்க வேண்டும். பிள்ளை கடன் வாங்காமல், 7-இல் 2-ஐக் கழித்து 5 என்று எழுதிவிட்டது. அப்புறம் 5-இல் 2 போக 3.

இந்தப் பாடத்தை ஒரு வீடியோ அருமையாக நடத்தும். நூறு தடவை போட்டாலும் அலுக்காது. செயலியில் விடையைத் தட்டினால் தவறு என்று உடனே காட்டும். டீச்சர் என்ன செய்வார்? பக்கத்தில் உட்கார்ந்து, "இதை எப்படிப் போட்டே, சொல்லு கண்ணு" என்பார். வாய்விட்டுச் சொல்லும்போதே பிள்ளைக்குப் பாதி புரிந்துவிடும். பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்துக் கையில் கொடுத்தால் மீதியும் புரியும்.

எல்லாம் ஃபோனிலேயே படிக்கலாம், பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தக் குச்சிக் கட்டைத்தான்.

[திரையில்: பூட்டிய பள்ளி வாசல்]

பள்ளிக்கூடம் இல்லாமலும் இருந்து பார்த்துவிட்டோம். தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. பாடம் வராமல் இல்லை. 2019-இலேயே தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருந்தது, ஆன்லைன் வகுப்பும் நடந்தது. ஆனால் வீட்டில் இருக்கிற ஒரே ஃபோனை அப்பா வேலைக்குக் கொண்டுபோனால் அன்றைக்கு வகுப்பு கிடையாது.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கணக்குப் போடவும் தெரிகிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் அசர் (ASER) ஆய்வு என்ன சொல்கிறது? நாடு முழுக்கக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018-இல் 100-க்கு 27 பேர் அளவில் இருந்தார்கள். 2022-இல் அது 20 பேர் அளவுக்கு இறங்கிவிட்டது. 27 என்பதே வருத்தப்பட வேண்டிய கணக்கு. அதனால் பழைய பள்ளிக்கூடம் அப்படியே போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்த இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியைப் பாருங்கள். அதே தெருவில் இருக்கும் தன்னார்வலர், சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி வைத்து நேரில் சொல்லிக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு ஆள் தேவைப்பட்டது.

சாப்பாடும் இருக்கிறது. 1982-இல் விரிவான சத்துணவும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவும் பள்ளிக்கூடம் என்ற இடம் இருப்பதால்தான் பிள்ளையின் தட்டுக்கு வருகின்றன.

சரி, திரைக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்க்கிற ஈராசிரியர் பள்ளிகள் இங்கே ஏராளம். இதயம் எப்படித் துடிக்கிறது என்று ஐந்தாம் வகுப்பு திரையில் பார்க்கட்டும். போர்டில் எழுதிப்போட்டுக் காப்பியடிக்கச் சொல்லும் நேரம் மிச்சமாகும்.

[திரையில்: வகுப்பறை. ஒரு பக்கம் திரை. இன்னொரு பக்கம் தரையில் டீச்சர், நாலு பிள்ளைகள், நடுவில் குச்சிகள்]

அந்த நேரத்தில் டீச்சர் மூன்றாம் வகுப்போடு தரையில் உட்காரலாம், அந்த 35-ஐப் பார்க்க.